ஆபகூக் புத்தகத்தை வீட்டுக்கூட்டத்தில் ஐந்து வாரம் எடுப்பது எப்படி?

தேரிமணல்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் அடுத்த மாதம் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியான ஆபகூக்கின் புத்தகத்தைத் தொடங்குகிறோம். கையில் ஐந்து வாரம். ஒவ்வொரு வாரமும் ஒன்றேகால் மணி நேரம், பாட்டும் ஜெபமும் அதற்குள்ளேதான். வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் எழுத்து வாசிக்கத் தெரியாத வயதான அம்மாமார் உண்டு, கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. பிரசங்கம் மாதிரி இல்லாமல் எல்லாரும் வாயைத் திறந்து பேசுகிற வேதபாடமாக இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. ஐந்து வாரத்துக்கு எப்படிப் பிரிக்கலாம்? அடுத்தது கொஞ்சம் சிக்கல்: கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு இந்த வருஷ வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கான தேவ வாக்கு என்று எடுத்துக்கொள்கிற வசன அட்டை) ஆபகூக் 1:5 வந்திருக்கிறது. "நான் உங்கள் நாட்களில் ஒரு கிரியையை நடப்பிப்பேன்" என்ற வசனம். ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். அந்த இடம் வரும்போது எப்படிப் பேசுவது? இன்னொரு சகோதரி பல வருஷமாக ஒரே காரியத்துக்காக ஜெபிக்கிறவர்கள். "விசுவாசம் குறைவா இருக்கும்" என்று யாராவது அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடாமல் எப்படிக் காப்பது? கடைசியாக, 3-ம் அதிகாரத்தில் தேமான், பாரான், கூஷான் என்று வருகிறதே, அதை எளிய ஜனங்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

கடுகுவிதை:

நல்ல தெரிவு, பிரதர். பிரிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் வாரம் விளக்கத்தில் இறங்குவதற்கு முன்னால் முழுப் புத்தகத்தையும் சத்தமாக வாசித்துவிடுங்கள். மூன்று அதிகாரமும் சேர்த்து 56 வசனம்தான். நிறுத்தி வாசித்தாலும் பத்து நிமிஷத்தில் முடியும். ஒருவரே வாசிக்க வேண்டாம், இரண்டு குரல் வையுங்கள். தீர்க்கதரிசிக்கு ஒருவர், கர்த்தருக்கு ஒருவர். 1:1-4 தீர்க்கதரிசி, 1:5-11 கர்த்தர், 1:12 முதல் 2:1 வரை தீர்க்கதரிசி, 2:2-20 கர்த்தரின் பதில், 3-ம் அதிகாரம் முழுக்கத் தீர்க்கதரிசியின் விண்ணப்பம். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 1:5-லும் 1:12-லும் பேசுகிறவர் மாறுகிறார், ஆனால் "கர்த்தர் சொன்னார்", "நான் சொன்னேன்" என்ற முன்குறிப்பு அங்கே கிடையாது. தனியாக வாசிக்கிறவர்கள் அந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கும் குரல் மாறுவதைக் கேட்டாலே போதும், இது ஒரு வாக்குவாதம் என்று பிடிபட்டுவிடும்.

பிறகு இப்படிப் போகலாம். முதல் வாரம் முழு வாசிப்பும் 1:1-4-ம். இரண்டாம் வாரம் 1:5 முதல் 2:1 வரை. மூன்றாம் வாரம் 2:2-5 மட்டும். நான்கே வசனம், ஆனால் புத்தகத்தின் அச்சாணி அதுதான். நான்காம் வாரம் அநியாயக்காரனைக் கண்டிக்கிற ஐந்து "ஐயோ"க்கள், 2:6-20. ஐந்தாம் வாரம் 3-ம் அதிகாரம்.

முதல் வாரம் தவறவிடக் கூடாத ஒரு கேள்வி: 1:2-4-ல் கொடுமை செய்கிறவர்கள் யார்? பாதிப் பேர் "பாபிலோன்" என்பார்கள். இல்லை. நியாயப்பிரமாணம் பெலனற்றுப் போயிற்று, நியாயம் புரட்டப்படுகிறது என்கிறார். நியாயப்பிரமாணம் இருந்த இடம் யூதா. சொந்த ஜனத்துக்குள் நடக்கிற அநியாயத்தைத்தான் அவர் முறையிடுகிறார். இதைக் கோட்டைவிட்டால் அடுத்த வாரம் தேவன் தருகிற பதில் பொருளில்லாமல் போகும், ஏனென்றால் அந்த அநியாயத்துக்குத் தண்டனையாகத்தான் கல்தேயர், அதாவது பாபிலோன்காரர், வருகிறார்கள்.

பின்னணி வேண்டுமானால் ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லி முடியுங்கள், இழுத்தால் சரித்திர வகுப்பாகிவிடும். ராஜாவின் பெயர் புத்தகத்தில் இல்லை. கல்தேயர் எழும்பப்போகிறார்கள் என்பதை வைத்துப் பெரும்பாலானவர்கள் யோயாக்கீம் காலத்தைச் சொல்வார்கள். அசீரியாவின் நினிவே கி.மு. 612-ல் விழுந்தது. நல்ல ராஜாவான யோசியா 609-ல் மெகிதோவில் பார்வோன் நேகோவால் கொல்லப்பட்டார். 605-ல் கர்கேமிஸில் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எகிப்தை முறியடித்தான். யோசியாவின் மகன் யோயாக்கீம் எப்படிப்பட்டவன் என்று எரேமியா 22:13-17 சொல்லும்: கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுரு மரப் பலகையும் ஜாதிலிங்க வர்ணமுமாக அரமனை கட்டியவன். எரேமியா 26:20-23-ல் உரியா என்கிற தீர்க்கதரிசியை எகிப்துவரை ஆள் அனுப்பிப் பிடித்துவந்து வெட்டிக் கொன்றதும் அவன்தான். இந்த இரண்டு பகுதியையும் வாசித்தால் போதும், 1:2-4-ல் உள்ள கூக்குரல் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

நேரக் கணக்கு: பாட்டு 10, வாசிப்பு 10, கேள்விகள் 35, ஜெபம் 20. ஜெபத்தைக் கடைசி ஐந்து நிமிஷத்துக்குத் தள்ளினால் இந்தப் புத்தகம் எடுப்பதில் அர்த்தமே இல்லை, புத்தகமே ஜெபம்தான்.

கேள்வி தயாரிக்கும்போது கவனம். "தேவன் நீதியுள்ளவர்தானே?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமென்" சொல்வார்கள், அதோடு பேச்சு முடிந்தது. "விசுவாசம் என்றால் என்ன?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பிரசங்கம் வரும், ஆபகூக்கை விட்டு ஆபிரகாம் வரைக்கும் போவார்கள். வசனத்தில் விரலை வைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். "1:3-ல் தன் கண்முன்னே என்னென்ன நிற்கிறது என்கிறார்?" என்பது நல்ல கேள்வி. கேட்ட பிறகு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நடத்துகிறவரே அவசரப்பட்டுப் பதில் சொன்னால் அடுத்த வாரம் ஒருவரும் பேச மாட்டார்கள்.

இன்னொன்று. ஆளுக்கு ஒரு மொழிபெயர்ப்பு கொண்டுவந்தால் வாசிக்கும்போது குழம்பும். பழைய திருப்புதலில் ஆபகூக் என்று இருப்பது கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் அபக்கூக்கு என்று இருக்கும். அன்றைய பகுதியைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்கு அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள், ஓரத்தில் எழுத இடம் விட்டு. புத்தகத்தைத் தேடத் தடுமாறுகிறவர்களுக்கு: மத்தேயுவிலிருந்து பின்னாலே போனால் ஐந்தாவது.

எம்மாவூர்:

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். இது இந்த ஒரு குடும்பத்தோடு நிற்கிற பிரச்சனை இல்லை. வாக்குத்தத்த அட்டைகளில் ஆபகூக் 1:5, 2:3, 3:19 மூன்றும் அடிக்கடி வரும்.

1:5 வெளியே இருந்து பார்த்தால் பெரிய ஆசீர்வாதம்போல இருக்கிறது. அடுத்த வசனத்தைச் சேர்த்து வாசியுங்கள்: "இதோ, நான் கல்தேயரென்னும் கொடிதும் வேகமுமான ஜாதியாரை எழுப்புவேன்." அந்தக் கிரியை இதுதான், படையெடுப்பு. அதன் பிறகு கி.மு. 597-ல் ராஜாவும் பிரபுக்களும் சிறைப்பட்டுப் போனார்கள், 586-ல் தேவாலயமே எரிந்தது. பவுலும் இந்த வசனத்தை எடுத்துச் சொல்கிறார், பிசீதியா நாட்டு அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில், அப்போஸ்தலர் 13:41-ல். அங்கேயும் அது எச்சரிப்புதான். முந்தின வசனம் "உங்களுக்கு நேரிடாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்றுதான் போகிறது.

ஆனால் இதைக் கூட்டத்தில் நீங்கள் அறிவிக்கக் கூடாது. அட்டையின் பேச்சையே எடுக்காதீர்கள். 1:5-6 இரண்டையும் ஒரே மூச்சில் வாசிக்கவைத்து, "எந்தக் கிரியை?" என்று கேளுங்கள். அடுத்து 1:12-13 வாசிக்கவைத்து, "இதைக் கேட்ட ஆபகூக் சந்தோஷப்பட்டாரா, கலங்கினாரா?" என்று கேளுங்கள். தங்களைவிடக் கெட்டவனை வைத்தா தண்டிப்பீர் என்று அவர் திகைப்பது அப்படியே இருக்கிறது. அந்தக் குடும்பம் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். முடிந்தால் இரண்டாம் வாரத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய், தனியாக இந்தப் பகுதியைச் சேர்ந்து வாசித்துவிடுங்கள். பத்துப் பேர் நடுவில் முதல் தடவையாகத் தெரியவருவது தர்மசங்கடம்.

முக்கியமானது, அவர்கள் கையிலிருந்து ஒன்றை எடுத்தால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். இதே புத்தகத்தில் பிடித்துக்கொள்ள உறுதியான வார்த்தைகள் இருக்கின்றன. 2:4 இருக்கிறது: நீதிமான் விசுவாசத்தினாலே பிழைப்பான். 2:14 இருக்கிறது: சமுத்திரம் தண்ணீரினால் நிறைந்திருக்கிறதுபோல பூமி கர்த்தருடைய மகிமையை அறிகிற அறிவினால் நிறைந்திருக்கும். அது எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்று பாருங்கள், இரத்தப்பழியால் பட்டணம் கட்டுகிறவனுக்கு ஐயோ என்று சொன்ன கையோடு. வீட்டில் மாட்டத் தகுந்த வசனம் அது.

2:2-ம் இதே கதைதான். "தரிசனத்தை எழுதி, அதைப் பலகைகளிலே தீர்க்கமாக வரை" என்பதை எடுத்து, உன் வாழ்க்கை லட்சியத்தைப் பேப்பரில் எழுது, கட்டட நிதிக்கு இலக்கு வை என்கிறவரைக்கும் போய்விட்டார்கள். அங்கே எழுதச் சொன்னது ஆபகூக்கின் திட்டத்தை இல்லை, அகங்காரி நிலைக்க மாட்டான், நீதிமான் விசுவாசத்தினாலே பிழைப்பான் என்கிற கர்த்தருடைய தீர்ப்பை. 2:3-ல் "அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு" என்பதில் "அது" எதைக் குறிக்கிறது என்று மூன்றாம் வாரம் கேட்டுப் பாருங்கள். கல்யாணம், வேலை, விசா என்று பதில் வரும். திருத்த அவசரப்படாமல், "2:4-ம் 2:8-ம் வாசித்துவிட்டு மறுபடி சொல்லுங்கள்" என்று திருப்பிவிடுங்கள். பாபிலோன் விழுந்தது கி.மு. 539-ல், பெர்சிய ராஜா கோரேசிடம். ஆபகூக்கின் காலத்திலிருந்து கணக்குப் போட்டால் அறுபது எழுபது வருஷம். இந்த வார்த்தையை வாங்கியவர் அதன் நிறைவேறுதலைப் பார்த்ததாகப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. காத்திருக்கிறவர்களுக்கு இது கசப்பான செய்தி இல்லை, உண்மையான செய்தி. எனக்கு இதில்தான் ஆறுதல் அதிகம்.

பெத்தானியா:

தேரிமணல் பிரதர், அந்தச் சகோதரியைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு மட்டும்.

முதல் வாரமே ஒரு கேள்வியைப் போடுங்கள்: 1:2-ல் "நீர் கேளாமலிருக்கிறீரே" என்கிறார், இதற்காகக் கர்த்தர் அவரைக் கடிந்துகொண்ட வசனம் எங்கே? எல்லாரும் தேடட்டும். மூன்று அதிகாரத்திலும் கிடைக்காது. பிறகு சங்கீதம் 13-ஐ வாசியுங்கள், அதே "எதுவரைக்கும்" திரும்பத் திரும்ப வரும். நேரமிருந்தால் வெளிப்படுத்தின விசேஷம் 6:10-11. பலிபீடத்தின்கீழ் இருக்கிற இரத்தசாட்சிகள், பரலோகத்திலேயே இருக்கிறவர்கள், "எதுவரைக்கும்" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் விசுவாசக் குறைவு என்று சொல்லப்போகிறோமா? அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுக்கப்பட்டது, கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்லப்பட்டது. அதட்டல் இல்லை. இந்த மூன்று பகுதியும் முதல் வாரம் மேசைக்கு வந்துவிட்டால், பிறகு யாராவது "விசுவாசம் பத்தல" என்று ஆரம்பித்தாலும் கூட்டமே பதில் சொல்லும், நீங்கள் வாய் திறக்க வேண்டியிருக்காது.

அப்படியும் ஒருவர் சொல்லிவிட்டால்? மௌனமாக விடாதீர்கள், வாக்குவாதமும் பண்ணாதீர்கள். "அண்ணாச்சி, இந்தப் பகுதியில் எந்த வசனத்தில் அப்படி வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். வசன எண் சொல்லித்தான் பேச வேண்டும் என்ற விதியை முதல் நாளே எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்தால் இந்தக் கேள்வி அவரைத் தனியாகக் குத்தாது.

ஜெப நேரத்தில் சுற்றிவந்து எல்லாரையும் பாரம் சொல்லச் சொல்லும் பழக்கம் இருந்தால் இந்த ஐந்து வாரமும் அதை நிறுத்திவையுங்கள். பல வருஷமாக ஒரே காரியத்தைச் சொல்கிறவர்களுக்கு, "இன்னும் அதேதானா" என்று மற்றவர்கள் நினைக்கிறார்களோ என்கிற கூச்சம் இருக்கும். துண்டுச் சீட்டு கொடுத்து, 1:2-ஐப் போல ஆண்டவரிடம் ஒரே வரி எழுதச் சொல்லுங்கள், பெயர் போட வேண்டாம், காட்டவும் வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் மனதுக்குள் சொல்லட்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஜெபிக்கட்டும், கேட்கிறவர் புத்தி சொல்லாமல் ஜெபம் மட்டும் பண்ணட்டும். அங்கே பேசியது வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாக ஏறக் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் போடுவார்கள், ராத்திரிக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும், அதோடு அந்தச் சகோதரி வாயைத் திறக்க மாட்டார்கள்.

3:17-18 வரும்போது இன்னும் ஜாக்கிரதை. "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்றதும் பாட்டு ஞாபகம் வந்து கைதட்ட ஆரம்பித்துவிடுவோம். பதினாறாம் வசனத்தை விட்டுவிட்டுப் பதினேழுக்குத் தாவாதீர்கள். அங்கே குடல் குழம்புகிறது, உதடு துடிக்கிறது, எலும்பில் உக்கல் உண்டாகிறது. அந்த நடுக்கத்தோடு நிற்கிற ஆள்தான் அடுத்த மூச்சில் களிகூருவேன் என்கிறார். நடுக்கம் தீர்ந்த பிறகு மகிழ்ந்தார் என்று புத்தகம் சொல்லவில்லை. ஆகையால் அழுகிறவர்களிடம் "சந்தோஷமா இருங்க" என்று சொல்ல இந்த வசனத்தை எடுக்காதீர்கள்.

பட்டியலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல் தானியம், ஆடு, மாடு என்று ஆறு. அத்தியும் திராட்சையும் போனால் பழமும் ரசமும் இல்லை. ஒலிவம் போனால் சமைக்க எண்ணெய் இல்லை, விளக்கெரிக்கவும் இல்லை. தானியம் போனால் சோறே இல்லை. ஆடு மாடு போனால் சேமிப்பே போயிற்று. ஒரு குடும்பத்துக்குத் தின்னவும் விற்கவும் இருந்ததெல்லாம் இந்த ஆறில் அடக்கம். "உங்கள் வீட்டில் இந்த ஆறு எவை?" என்று கேளுங்கள். சம்பளம், படகு, ரப்பர் பால், தையல் மிஷின் என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அதற்குமேல் விளக்கமே தேவைப்படாது. நிஜமாகவே யார் வீட்டிலாவது அரிசி இல்லை என்று அன்றைக்குத் தெரியவந்தால், ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள். யாக்கோபு 2:15-16 ஞாபகம் இருக்கட்டும். மறுநாள் யார் போய்ப் பார்ப்பது என்று கலைவதற்கு முன்னாலேயே பேசி முடிவு பண்ணுங்கள்.

பழஞ்சுருள்:

கடுகுவிதை போட்ட அட்டவணையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 3-ம் அதிகாரத்தை ஒரே வாரத்தில் அடக்க முடியாது. 19 வசனம், அதில் 3 முதல் 15 வரை ஒரே காட்சி மயம். 2:2-5-ஐ இரண்டாம் வாரத்தோடு சேர்த்துவிட்டு 3-க்கு இரண்டு வாரம் கொடுங்கள் என்பேன்.

காட்சிகளைப் புரியவைக்க விளக்கவுரை எதுவும் வேண்டாம், பழைய ஏற்பாடே போதும். தேமானும் பாரானும் தெற்கே, சீனாய் வனாந்தரத்துப் பக்கம். உபாகமம் 33:2-ல் கர்த்தர் சீனாயிலிருந்து எழுந்தருளி, சேயீரிலிருந்து உதயமாகி, பாரான் மலையிலிருந்து பிரகாசித்தார் என்று வரும். அதே வழியில் மறுபடியும் வருகிறார். 3:7-ன் கூஷானும் மீதியானும் அந்தப் பக்கத்துக் கூடார ஜனங்கள், அவர் நடந்துபோகிற வழியில் நடுங்குகிறார்கள். 3:8-ல் ஆறும் சமுத்திரமும் யோர்தானையும் செங்கடலையும் நினைப்பூட்டும். 3:11-ல் சூரியனும் சந்திரனும் நிற்பதற்கு யோசுவா 10:12-13. சீட்டில் ஒருபக்கம் ஆபகூக் வசனம், இன்னொரு சீட்டில் பழைய சம்பவம், இப்படி நாலைந்து ஜோடி எழுதிக் கலைத்துப் போட்டு, கல்லூரிப் பிள்ளைகளைப் பொருத்தச் சொல்லுங்கள். அம்மாமாருக்குச் சம்பவத்தின் பெயரைச் சொன்னாலே போதும், ஞாயிறுபள்ளியில் கேட்டது கடகடவென்று வரும். வாசிக்கத் தெரிந்தவர்களை அவர்கள் முந்துகிற இடம் இது.

அதன் பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதிரி வரப்போகிறான் என்று தெரிந்தவர் ஏன் யாத்திராகமத்தைப் பாடுகிறார்? பதில் 3:2-லேயே இருக்கிறது, "வருஷங்களின் நடுவிலே உம்முடைய கிரியையை உயிர்ப்பியும்... கோபித்தாலும் இரக்கத்தை நினைத்தருளும்." அன்றைக்குச் செய்ததை இன்றைக்கும் செய்யும் என்கிறார். எழுப்புதல் கூட்ட போஸ்டரில் முதல் பாதி மட்டும் அச்சாகும். இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதிக்கு வேரே இல்லை.

2:4 புதிய ஏற்பாட்டில் மூன்று இடத்தில் வருகிறது: ரோமர் 1:17, கலாத்தியர் 3:11, எபிரெயர் 10:38. ரோமரும் கலாத்தியரும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் கூட்டத்துக்கு எபிரெயர்தான் பொருத்தம். 10:34-ஐ வாசியுங்கள். அந்த ஜனங்களுடைய ஆஸ்திகள் கொள்ளைபோயின, அதைச் சந்தோஷமாய்ச் சகித்தார்கள். ஆபகூக் 3:17-18-ஐ வாழ்ந்து காட்டியவர்களுக்குத்தான் ஆபகூக் 2:4 எழுதி அனுப்பப்படுகிறது. "பொறுமை உங்களுக்கு வேண்டியதாயிருக்கிறது" என்று 10:36-ல் சொல்லிவிட்டு அந்த வசனத்தைத் தருகிறார். மூன்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள், விசுவாசமா கிரியையா என்ற விவாதம் கிளம்பினால் ஆபகூக் காணாமற்போவார்.

கல்லூரிப் பிள்ளைகளில் யாராவது இணையத்தில் பார்த்துவிட்டு, "1947-ல் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஆபகூக் விளக்கச் சுருளில் 3-ம் அதிகாரம் இல்லையாமே, பிற்காலத்துச் சேர்க்கையா?" என்று கேட்கலாம். அந்தச் சுருள் முதல் இரண்டு அதிகாரத்துக்கு மட்டும் எழுதப்பட்ட விளக்கவுரை. விளக்கம் எழுதாததால் மூலத்தில் இல்லை என்று ஆகாது. யூதேயா வனாந்தரத்திலேயே முரப்பாத் குகையில் கிடைத்த எபிரெயச் சுருளில் 3-ம் அதிகாரமும் இருக்கிறது. இவ்வளவு சொன்னால் போதும், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கடுகுவிதை:

பழஞ்சுருள் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2:2-5-ஐ 1:5-2:1-ஓடு சேர்த்தால் கேள்வியும் பதிலும் ஒரே நாளில் வந்துவிடும். 2:1-ல் அவர் காவலிலே தரித்து, என்ன சொல்வாரோ என்று காத்திருக்கிறார். ஜனங்களும் ஒரு வாரம் அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போகட்டும் என்றுதான் அங்கே வெட்டினேன். இரண்டு வாரம் வேண்டுமென்றால் 2:2-20-ஐ ஒரே வாரமாக்குவது மேல். ஐந்து ஐயோக்களில் மூன்றை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

தேரிமணல்:

எல்லாருக்கும் நன்றி. கடுகுவிதை சொன்ன கடைசி அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன், நான்காவது ஐந்தாவது வாரம் 3-ம் அதிகாரத்துக்கு.

அப்படியானால் மூன்றாம் வாரம்தான் எனக்குப் பயம். ஐயோக்களை வாசித்தால் எங்கள் ஆட்கள் உடனே வட்டிக்காரனையும் மந்திரியையும் திட்ட ஆரம்பிப்பார்கள். 2:18-19-ல் விக்கிரகம் வேறு வருகிறது. சுற்றியிருப்பதெல்லாம் இந்து வீடுகள், ஜன்னல் திறந்துதான் இருக்கும்.

கடுகுவிதை:

திட்டட்டும், இரண்டு நிமிஷம். 2:6-ல் ஒடுக்கப்பட்ட ஜனங்களே சேர்ந்து அவனைப் பற்றிப் பழிப்பாட்டுப் பாடுகிறார்கள், தன்னுடையதல்லாததைச் சேர்த்தே பெருத்தவன் என்ற கோபம் அங்கேயே இருக்கிறது. கந்துவட்டியில் நொந்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அங்கே நிற்கவிடாதீர்கள். 2:9-11-க்கு நேராகப் போங்கள்: அநியாய ஆதாயத்தில் கட்டிய வீட்டில் சுவரிலிருந்து கல் கூப்பிடும், உத்திரம் அதற்கு மறுமொழி சொல்லும். "நம் வீட்டுச் சுவர் பேசினால் என்ன சொல்லும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுங்கள், பதில் கேட்காதீர்கள். வரதட்சணை வாங்கிக் கட்டிய வீடு, வேலைக்காரிக்குக் கூலி பாக்கி, பங்காளி நிலம் என்று அவரவருக்குத் தோன்றும்.

விக்கிரகப் பகுதிக்கு வாசல் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. 1:16-ல் பாபிலோன்காரன் "தன் வலைக்குப் பலியிட்டு, தன் பறிக்குத் தூபங்காட்டுகிறான்." ஜனங்களை மீனைப்போல அள்ளுகிறவன், அள்ளித்தருகிற வலையையே கும்பிடுகிறான். 1:11-லும் தன் பலமே தன் தேவன் என்கிற மாதிரிதான் வருகிறது. ஆகையால் 2:18-ஐ எடுப்பதற்கு முன்னால் 1:16-ஐத் திரும்ப வாசிக்கவைத்து, "நமக்குச் சோறு போடுகிறது என்று நாம் தூபம் காட்டுகிற வலை எது?" என்று கேளுங்கள். பேச்சு பக்கத்து வீட்டுப் பூஜையறைக்குப் போகாது, நம் சம்பளச் சீட்டுக்கும் சர்டிபிகேட்டுக்கும் வந்துவிடும். இது அயலாருக்குப் பயந்து சமாளிப்பது இல்லை, பகுதியின் போக்கே அதுதான்.

பூமியெல்லாம் அவருக்கு முன்பாக மவுனமாயிருக்க வேண்டும் என்கிற 2:20-ஐப் பிள்ளைகளை அமைதிப்படுத்துகிற வசனமாக ஆக்கிவிட்டோம். ஊமையான கல்லைப் பார்த்து "எழும்பு" என்று கத்துகிறவனுக்கு எதிராகச் சொன்னது அது. 2:19-20 இரண்டையும் சேர்த்து ஒரே ஆள் வாசிக்கட்டும்.

தேரிமணல்:

இது நான் யோசிக்காத வழி. ஒரு சின்னக் கேள்வி மட்டும் பாக்கி. 3-ம் அதிகாரத்தில் "சேலா" வருகிறதே, சத்தமாக வாசிக்கும்போது அதையும் வாசிப்பதா?

பழஞ்சுருள்:

வாசிக்கத் தேவையில்லை. 3:3, 3:9, 3:13 என மூன்று இடத்தில் வருகிறது, சங்கீதங்களில் வருவதுபோலப் பாடகர்களுக்கான குறிப்பு. கடைசி வசனத்தில் இராகத்தலைவனுக்கும் நெகிநோத் வாத்தியத்துக்கும் உள்ள குறிப்பும் அந்த வகைதான். இந்த ஜெபம் ஆலயத்தில் பாடப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வாசிக்கிறவர் அந்த மூன்று இடத்திலும் ஒரு மூச்சு நிறுத்தி அடுத்த வரிக்குப் போகட்டும். பெரிய எழுத்தில் அச்செடுக்கும்போது அந்த இடங்களில் ஒரு வரி காலியாக விட்டுவிட்டால் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.